உள்ளே வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை

(திருப்பூரில் பெண் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருப்பூரில் பங்களாதேஷ் என்ற பெயர் காதில் விழாமல் ஒரு வாரம் கழிவதில்லை. பையர் விலையைக் குறைத்துக் கேட்கும்போது பங்களாதேஷைக் காட்டுகிறார். நாம் கூலியைக் கூட்டிக் கேட்கும்போது முதலாளியும் பங்களாதேஷைக் காட்டுகிறார். 2024 ஆகஸ்டில் ஷேக் ஹசீனா நாட்டை விட்டுப் போனபோது, அங்கே நின்ற ஆர்டர் இங்கே வருமா என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு. தமிழ்நாட்டு மில்களின் நூல் அங்கே போய் பனியன் ஆகிறது. டாக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் நாராயண்கஞ்ச் அவர்களுடைய பனியன் நகரம். இவ்வளவு தூரம் நம்மோடு பின்னிக் கிடக்கிற ஒரு நாட்டில், மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண் யார், எப்படி அங்கே வந்தாள், வந்ததால் அவளுக்கு என்ன கிடைத்தது என்று நாம் கேட்டதே இல்லை.

வளரும் நாடுகளில் வேலைக்கு வரும் பெண்கள் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. பல நாடுகளைத் தொட்டுத் தொட்டுப் பேசினால் ஒன்றுமே மனதில் நிற்காது. அதனால் ஒரு நாட்டை, ஒரு தொழிலை எடுத்துக்கொள்கிறேன். பங்களாதேஷில் சுமார் 40 லட்சம் பேர் ஆயத்த ஆடைத் தொழிலில் இருக்கிறார்கள். ஏற்றுமதி வருமானத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் அந்த ஒரு தொழிலில் இருந்து வருகிறது. அந்தத் தொழிலைக் கட்டி எழுப்பிய கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள்.

பெண்கள் "வேலைக்கு வந்தார்கள்" என்று சொல்லும்போது, அதற்கு முன் சும்மா இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பின்னர் பங்களாதேஷ் ஆன கிழக்கு வங்கத்தின் கிராமத்தில் நெல் களத்துக்கு வரும்வரை ஆணின் வேலை. களத்துக்கு வந்தபின் அவிப்பது, காயவைப்பது, குத்துவது, புடைப்பது எல்லாம் பெண்ணின் வேலை. தேங்க்கி என்று காலால் மிதித்து நெல் குத்தும் மரக்கருவி ஒன்று உண்டு. நிலமில்லாத வீட்டுப் பெண்கள் வசதியான வீடுகளில் தேங்க்கி மிதித்து, கூலியாக அரிசி வாங்கி வந்து உலை வைத்தார்கள். கிராமம் கிராமமாக ரைஸ் மில் வந்தபோது அந்தக் கூலி போயிற்று. மில்லில் வேலை ஆண்களுக்குப் போனது. பெண்களுக்கு மாற்று வேலை என்று எதையும் யாரும் யோசிக்கவில்லை.

அதற்கு நடுவில் 1971இன் விடுதலைப் போர். கணவனை இழந்தவர்கள், வன்முறைக்கு ஆளாகிக் குடும்பத்தால் கைவிடப்பட்டவர்கள் எண்ணற்றோர். மூன்றே ஆண்டில் 1974 பஞ்சம். வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டில் வளர்ந்த பெண்கள், மண் சுமந்தால் கோதுமை தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ரோடு போடும் இடத்துக்கு வந்து வரிசையில் நின்றார்கள். பெண்கள் வெளியே வந்தது வளர்ச்சித் திட்டத்தால் என்று எழுதுகிறவர்கள் இந்த வரிசையை மறந்துவிடுகிறார்கள். காப்பாற்றுவதாகச் சொன்ன குடும்பமும் சமூகமும் காப்பாற்ற முடியாமல் போனபோதுதான் அவள் வாசலைத் தாண்டினாள். அவள் வந்து நின்ற நேரத்தில் ஒரு தொழில் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்தத் தொழில் அங்கே வந்த கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1974இல் பணக்கார நாடுகள் தங்கள் ஆடைத் தொழிலைக் காப்பாற்றிக்கொள்ள, ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் துணி அனுப்பலாம் என்று கோட்டா வைத்தன. இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு அந்தக் கோட்டா காலம் நன்றாக நினைவிருக்கும். தென்கொரியாவின் தேவூ நிறுவனம் தன் கோட்டா தீர்ந்துபோனதால், கோட்டா இல்லாத நாடாகத் தேடியது. பங்களாதேஷில் அப்போது கோட்டா விதிக்கும் அளவுக்கு ஏற்றுமதியே கிடையாது. அரசுப் பணியில் இருந்து தொழிலுக்கு வந்த நூருல் காதர், தேஷ் கார்மெண்ட்ஸ் என்ற பெயரில் 1978இல் தேவூவுடன் ஒப்பந்தம் போட்டார். மறு ஆண்டு 130 பேரை கொரியாவின் பூசான் நகரத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதில் பெண்களும் இருந்தார்கள். பயிற்சி பெற்றுத் திரும்பியவர்களில் பலர் பிறகு வெளியேறிச் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். சிட்டகாங்கில் தேஷ் கம்பெனியின் கூரைக்குக் கீழே கற்றுக்கொண்ட வித்தை சில ஆண்டுகளுக்குள் டாக்காவின் தெருவெல்லாம் பரவியது.

ஏன் பெண்களை எடுத்தார்கள்? விரல் மென்மையானது, பொறுமை அதிகம் என்றெல்லாம் முதலாளிகள் சொன்ன காரணங்கள் நமக்கும் பழக்கம்தான். உள்ளே இருந்த காரணம் வேறு. குறைந்த கூலிக்கு வருவாள், சங்கம் சேரமாட்டாள், எதிர்த்துப் பேசமாட்டாள் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் மீதுதான் தொழில் நடந்தது. பின்னால் அதை அந்தப் பெண்களே உடைத்தார்கள்.

வங்கத்துப் பெண்கள் இப்படி வெளியே வருவதை வெகு முன்பே கனவாக எழுதியவர் பேகம் ரொக்கேயா. 1880இல் ரங்பூர் மாவட்டத்தில் பிறந்தவர். பெண்கள் நாட்டை ஆள, ஆண்கள் வீட்டுக்குள் இருக்கும் ஓர் ஊரைப் பற்றி "சுல்தானாவின் கனவு" என்ற கதையை 1905இல் எழுதினார். அது முதலில் அச்சானது நம்முடைய சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் பத்திரிகையில். வங்கத்துப் பெண்ணின் கனவுக்கு முதல் பக்கம் கொடுத்தது சென்னை என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ரொக்கேயா கனவு கண்ட மண்ணில், எழுபத்தைந்து ஆண்டு கழித்து, விடியற்காலையில் டிபன் பாக்ஸோடு ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவில் நடந்தார்கள். பஸ் கட்டணம் கட்டுப்படியாகாது, நடைதான். வழியில் கேலி, சீண்டல், இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் அக்கம்பக்கத்தின் பேச்சு. கார்மெண்ட்ஸுக்குப் போகிறவள் என்பதே ஒரு காலத்தில் வசைபோல் இருந்தது. அவர்களிடம் நேரில் உட்கார்ந்து பேசி எழுதியவர் பொருளாதார அறிஞர் நைலா கபீர். அவர் நூல் 2000இல் வந்தது. அவர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். பர்தா வழக்கம் ஆழமாக வேரூன்றிய டாக்காவில் பெண்கள் வெளியே போய்த் தொழிற்சாலையில் தைத்தார்கள். தையல் தொழிலுக்குப் பெயர்போன லண்டனில் குடியேறிய அதே வங்கத்துப் பெண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து பீஸ் ரேட்டுக்குத் தைத்தார்கள். லண்டனில் ஒரே வட்டாரத்து மக்கள் நெருக்கமாக வாழ்ந்தார்கள்; எல்லோரும் எல்லோரையும் கவனித்தார்கள்; வெளியே நிறவெறியின் அச்சமும் இருந்தது. டாக்காவுக்குப் பல மாவட்டங்களில் இருந்து வந்தவர்களை யாருக்கும் தெரியாது. தவிர, டாக்காவில் இருந்தவர்களுக்கு வேறு வழியும் இல்லை. பர்தாவை விட்டுவிட்டாயா என்று கேட்டவர்களிடம், அது துணியில் இல்லை, மனதில் இருக்கிறது என்று அவர்களில் பலர் பதில் சொன்னார்கள். மதத்தையும் வழக்கத்தையும் தூக்கி எறியாமல், தன் தேவைக்கு ஏற்ப அதற்கு ஒரு பொருளைத் தானே சொல்லிக்கொண்ட அந்த அறிவு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

சம்பளம் வீட்டுக்குள் என்ன செய்தது? ரேச்சல் ஹீத், முஷ்ஃபிக் மொபாரக் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் டாக்காவுக்கு வெளியே உள்ள கிராமங்களில் ஆய்வு செய்து 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கார்மெண்ட்ஸ் கம்பெனிக்குப் போய்வரும் தூரத்தில் இருக்கும் கிராமங்களில் பெண் பிள்ளைகள் கூடுதல் காலம் பள்ளியில் படிக்கிறார்கள். கல்யாணம் தள்ளிப்போகிறது. முதல் குழந்தையும் தள்ளிப்போகிறது. கம்பெனியில் பீஸ் கணக்குப் பார்க்கவும் ஸ்லிப் படிக்கவும் தெரிந்தவளுக்கு நல்ல வேலை கிடைக்கும் என்று பெற்றோருக்குத் தெரிகிறது. ஆகவே பெண்ணைப் படிக்க வைக்கிறார்கள். 1994இல் இருந்து உயர்நிலைப் பள்ளிப் பெண்களுக்கு நாடு முழுக்க அரசு உதவித்தொகை கொடுத்ததும், கல்யாணம் ஆகாமல் இருக்க வேண்டும் என்று அதற்கு நிபந்தனை வைத்ததும் சேர்ந்து வேலை செய்தன. 1970களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைக்கு மேல் இருந்த நாட்டில், அது இரண்டேகால் அளவுக்கு இறங்கியது. இதற்குக் குடும்பநலப் பணியாளர்கள் வீடு வீடாகப் போனதும் பெரிய காரணம். எல்லாவற்றையும் கார்மெண்ட்ஸ் கணக்கில் எழுதமாட்டேன். ஆனால் பதினைந்து வயதில் மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடம் ஒரு பெண் "இப்போது வேண்டாம்" என்று சொல்வதற்கு, கையில் சம்பளம் இருப்பது ஒரு பலம். அடிக்கும் கணவனை விட்டு விலகி, தனி அறை வாடகைக்கு எடுத்து, பிள்ளையோடு வாழ்ந்துவிடலாம் என்று துணிவதற்கும் அதுவே பலம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கக் கேட்டுக்கொள்கிறேன். வேலை அவளுக்குக் கொடுத்த பெரிய சொத்து, மறுக்கும் ஆற்றல். சீக்கிரக் கல்யாணத்தை மறுக்கலாம். அடியை மறுக்கலாம். பசியோடு இன்னொருவர் வாசலில் போய் நிற்பதை மறுக்கலாம். அப்படியானால், அவளுக்கு இந்த ஆற்றலைக் கொடுத்த அந்தக் கம்பெனிக்குள், அவளால் எதையாவது மறுக்க முடிந்ததா?

தைக்கும் லைனை நினைத்துப் பாருங்கள்; உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அங்கேயும் ஹெல்பர், ஆபரேட்டர், சூப்பர்வைசர், லைன் சீஃப். ஹெல்பரும் ஆபரேட்டரும் பெண்கள். சூப்பர்வைசருக்கு மேலே அனேகமாக எல்லோரும் ஆண்கள். மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதிவிடுவார்கள். அது முடியாவிட்டால் திட்டு. சில இடங்களில் அடியும் உண்டு. பாத்ரூம் போக அனுமதி கேட்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமலே இருக்கும் பெண்கள், அதனால் வரும் சிறுநீர்த் தொற்று. "ஹாஜிரா போனஸ்" என்று வருகைக்கு ஒரு தொகை. மாதத்தில் ஒரு நாள் வராவிட்டால் அது முழுதும் போய்விடும். காய்ச்சலோடு வேலைக்கு வருவதற்கு அந்தத் தொகையே காரணம். லைனில் நடக்கும் பாலியல் சீண்டலுக்கு எதிராகக் குழு அமைக்க வேண்டும் என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2009இலேயே வழிகாட்டுதல் கொடுத்தது. ஏட்டில் இருந்த அளவு அது லைனில் இல்லை.

இந்த லைன்களில் சிறுமிகளும் இருந்தார்கள். 1993இல் ஒரு சம்பவம். குழந்தை உழைப்பில் தைத்த ஆடைகளைத் தடை செய்யும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் வந்தது. மசோதா சட்டமாகவே இல்லை. ஆனால் பயந்துபோன முதலாளிகள் பல்லாயிரம் சிறுவர் சிறுமிகளை ஒரே மூச்சில் வேலையை விட்டு அனுப்பினார்கள். பெரும்பாலோர் சிறுமிகள். பின்னர் போய்ப் பார்த்தபோது அவர்களில் பலர் கல் உடைக்கவும் வீட்டு வேலைக்கும் இன்னும் மோசமான இடங்களுக்கும் போயிருந்தார்கள். 1995இல் முதலாளிகள் சங்கம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு (ஐ.எல்.ஓ.), யுனிசெஃப் மூன்றும் ஒப்பந்தம் போட்டு, பள்ளியும் உதவித்தொகையும் ஏற்பாடு செய்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் சரியானது. தூரத்தில் இருந்து நல்லது செய்ய நினைப்பவர்கள், அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

மறுக்க முடிந்ததா என்ற கேள்விக்குத் திரும்புகிறேன். 2012 நவம்பர் 24. டாக்காவுக்குப் பக்கத்தில் ஆசுலியாவில் தஸ்ரீன் என்ற கார்மெண்ட்ஸ் கம்பெனி. தீ அபாய மணி அடித்தது. எழுந்தவர்களை, ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள் என்று மறுபடி உட்கார வைத்தார்கள். கீழே போகும் வழியில் கேட் பூட்டியிருந்தது. குறைந்தது 112 பேர் இறந்தார்கள்.

ஐந்து மாதம் கழித்து, 2013 ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை. டாக்காவுக்கு வெளியே சாவர் என்ற ஊரில் ராணா பிளாசா. கீழே கடைகளும் ஒரு வங்கிக் கிளையும். மேலே ஐந்து கார்மெண்ட்ஸ் கம்பெனிகள். அனுமதித்ததைவிடக் கூடுதலாக மாடிகளைக் கட்டி, அவற்றின் மேல் கனமான ஜெனரேட்டர்களையும் ஏற்றியிருந்தார்கள். அன்று காலை தூண்களிலும் சுவரிலும் பெரிய விரிசல். எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். ஒரு பொறியாளர் வந்து பார்த்து, கட்டடம் பாதுகாப்பாக இல்லை என்று சொன்னார். தொலைக்காட்சியில்கூட அந்த விரிசல் வந்தது.

மறுநாள் காலை வங்கி திறக்கவில்லை. ஊழியர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைகள் திறக்கவில்லை. மேலே இருந்த கம்பெனிகளின் வாசலில் மட்டும் பெண்கள் நின்றார்கள். உள்ளே போக அவர்களுக்கு மனமில்லை. நேற்று விரிசலைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். சூப்பர்வைசர்கள் உள்ளே போகச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் பிடிக்கப்படும் என்று மிரட்டியதாகத் தப்பியவர்கள் பின்னர் சொன்னார்கள். மாதக் கடைசி. செய்த வேலைக்கு வரவேண்டிய சம்பளம் முதலாளியின் கையில் இருக்கிறது. அது வராவிட்டால் அறை வாடகை இல்லை, மளிகைக் கடைக் கடன் தீராது, ஊரில் பாட்டியிடம் விட்டிருக்கும் பிள்ளைக்குப் பணம் போகாது. அவர்கள் உள்ளே போனார்கள். ஒன்பது மணிக்குச் சற்று முன் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. கட்டடம் விழுந்தது.

1,134 பேர் இறந்தார்கள். சுமார் 2,500 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். கூடவே அவர்களின் பிள்ளைகளும். இடிபாட்டுக்குள் இருந்து 17ஆம் நாள் ஓர் இளம் தையல் தொழிலாளியை உயிரோடு எடுத்தார்கள். கை கால் இழந்தவர்கள், உடலே கிடைக்காமல் டி.என்.ஏ. சோதனைக்குக் காத்திருந்த தாய்மார்கள் பற்றியெல்லாம் நீங்கள் அப்போது படித்திருப்பீர்கள்.

நான் கேட்பது ஒன்றே. ஒரே கட்டடம், ஒரே விரிசல், ஒரே காலை. கீழே வங்கியில் வேலை செய்தவர் வீட்டில் இருக்கிறார். மேலே தைத்தவள் உள்ளே போகிறாள். விரிசலைப் பற்றிய அறிவில் இருவருக்கும் வேறுபாடு கிடையாது. வேலையை மறுக்கும் பலத்தில்தான் வேறுபாடு. அந்த ஐந்து கம்பெனிகளில் ஒன்றில்கூடத் தொழிற்சங்கம் இல்லை. வீட்டில் கல்யாணத்தை மறுக்கும் துணிவைச் சம்பாதித்த ஒரு பெண், விழப்போகிற கட்டடத்துக்குள் போக மறுக்க முடியாமல் இறந்தாள். வேலைக்கு வரும் பெண்களின் எண்ணிக்கை கூடுகிறது என்று மகிழ்கிறவர்கள், அன்று காலை உள்ளே போனவர்களையும் அந்த எண்ணிக்கையில்தான் சேர்த்து எண்ணினார்கள்.

அடுத்த மாதமே, 2013 மே மாதத்தில், ஓர் ஒப்பந்தம் வந்தது. அக்கார்டு என்று சொல்கிறோம். உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் ஒரு பக்கம், பெரிய பிராண்டுகள் மறுபக்கம். இருநூறுக்கு மேற்பட்ட பிராண்டுகள் கையெழுத்திட்டன. ஏறக்குறைய 1,600 கம்பெனிகள் அதன் கீழ் வந்தன. நாங்கள் நல்லவர்களாக நடந்துகொள்வோம் என்று பிராண்டுகள் தாங்களே எழுதிக்கொள்ளும் நடத்தை விதிகளைப் போன்றது அல்ல அது; மீறினால் வழக்குப் போடலாம். பொறியாளர்கள் கம்பெனி கம்பெனியாகப் போனார்கள். பூட்டும் கேட்டுகளை எடுத்தார்கள். தீத்தடுப்புக் கதவுகள் வந்தன. பெயர் சொல்லாமல் தொழிலாளி புகார் கொடுக்க வழி வந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது அதில் இருந்த ஒரு ஷரத்து: பாதுகாப்பில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், சம்பளம் இழக்காமல், பழிவாங்கலுக்கு ஆளாகாமல், கட்டடத்துக்குள் நுழைய மறுக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொடுத்து எழுதிய வரி அது. அந்த ஒப்பந்த முறை பின்னர் பாகிஸ்தானுக்கும் விரிந்தது.

கூலியின் கதையும் மறுப்பின் கதைதான். 1994இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம், அந்நாட்டு நாணயக் கணக்கில், 930 டாக்கா. பன்னிரண்டு ஆண்டு அது அசையவே இல்லை. அரிசி விலை ஏறியது, வாடகை ஏறியது, அது மட்டும் அங்கேயே நின்றது. 2006இல் சாவர், காஜிபூர் வட்டாரத்தில் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். 1,662 டாக்கா 50 காசு ஆயிற்று. மறுபடி போராட்டம், 2010இல் 3,000. ராணா பிளாசாவுக்குப் பிறகு 5,300. 2018இல் 8,000. 2023இல் சங்கங்கள் 23,000 கேட்டன, கிடைத்தது 12,500. அந்தப் போராட்டத்தில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் மெஷின் ஆபரேட்டரான ஒரு பெண்ணும் ஒருவர். தானாக உயர்ந்த கூலி என்று அந்த வரிசையில் ஒன்றுகூட இல்லை.

போராட்டத்தை நடத்தியவர்கள் யார்? கல்போனா அக்தர் பன்னிரண்டு வயதில் கம்பெனிக்குப் போனவர். சங்கம் அமைத்ததால் வேலை இழந்தவர். 2010இல் சிறைக்கும் போனவர். அவரோடு பணியாற்றிய அமினுல் இஸ்லாம் 2012 ஏப்ரலில் கொல்லப்பட்டார். நஸ்மா அக்தர் பதினொரு வயதில் தாயோடு கம்பெனிக்குப் போனவர். இன்று நாட்டின் பெரிய சங்கத் தலைவர்களில் ஒருவர். எதிர்த்துப் பேசமாட்டாள் என்று நம்பி எடுத்தார்களே, அந்தச் சிறுமிகள் இவர்கள்தான்.

இனி கொஞ்சம் கசப்பான ஒன்று. 1980களிலும் 90களிலும் அந்தத் தொழிலில் பத்துக்கு எட்டுப் பேர் பெண்கள். இப்போது ஆறு பேர்கூட இல்லை என்று பல கணக்கெடுப்புகள் சொல்கின்றன. ஸ்வெட்டர் பின்னும் ஜாக்கார்டு மெஷின் வந்தது, அதை ஓட்ட ஆண்களை எடுத்தார்கள். நூல் தானாக வெட்டும் மெஷின் வந்தது, பிசிர் வெட்டும் ஹெல்பர் வேலை போனது. அது பெண்களின் வேலை. கூலி கொஞ்சம் மேலே ஏறியதும் ஆண்களுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. ரைஸ் மில் வந்தபோது தேங்க்கி மிதித்த பெண்ணுக்கு நடந்ததே மறுபடியும் நடக்கிறது. முப்பத்தைந்து வயதுக்குள் பெரும்பாலான பெண்கள் வெளியேறிவிடுகிறார்கள். உடல் தேய்ந்துவிடுகிறது; பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. நாற்பது பெண்களோ அதற்கு மேலோ இருந்தால் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. அறை இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அல்லது ஆடிட் வரும் நாளில் மட்டும் திறக்கிறார்கள் என்பது அங்கே பலர் சொல்லும் குறை. நம் ஊரிலும் இதைக் கேட்டிருக்கிறேன்.

நாட்டின் மொத்தக் கணக்கைப் பார்த்தால் வேறொரு படம். 2016–17இல் வேலைக்கு வந்த பெண்கள் நூற்றுக்கு 36 பேர் அளவில் இருந்தார்கள். 2022 கணக்கெடுப்பில் 42ஐத் தாண்டிவிட்டது. பெரிய முன்னேற்றம் என்று கைதட்டலாம். உள்ளே பிரித்துப் பார்த்தால், நகரத்தில் பெண்களின் பங்கு குறைந்திருக்கிறது. கூடியது கிராமத்தில்: வீட்டு மாடு, கோழி, சொந்த வயல். பெரும்பகுதி கையில் காசு வராத உழைப்பு. அதைக் கணக்கில் சேர்த்தது நியாயம், அது உழைப்புதான். ஆனால் அதை வைத்து நாட்டில் பெண் சுதந்திரம் வளர்ந்துவிட்டது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். எந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்தாலும், எத்தனை பேர் என்பதோடு, யார் கையில் கூலி, யாருக்கு மறுக்கும் பலம் என்ற இரண்டையும் கேளுங்கள்.

கொரோனா காலத்தில் மறுக்கும் பலம் இல்லாத நிலையை இன்னொரு முறை பார்த்தோம். 2020 மார்ச்சில் பிராண்டுகள் தைத்து முடித்த சரக்கைக்கூட வேண்டாம் என்றன. ஏப்ரல் தொடக்கத்தில் கம்பெனி திறக்கிறது என்ற செய்தி கேட்டு, பஸ் ஓடாத ஊரடங்கில், பெண்கள் பிள்ளைகளோடு நடந்தே டாக்காவுக்குத் திரும்பினார்கள். வராவிட்டால் வேலை போய்விடும் என்ற பயம். அதே சமயத்தில் ஒரு நல்லதும் நடந்தது. அரசு கொடுத்த கடனில் சம்பளம் போட வேண்டுமானால் தொழிலாளியின் கணக்கில்தான் போட வேண்டும் என்று விதித்ததால், சில வாரங்களுக்குள் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு மொபைல் பணக் கணக்கு திறக்கப்பட்டது. தன் பெயரில் ஒரு கணக்கு என்பது சிறிய விஷயம் அல்ல. போன் கணவனிடம் இருந்தால் பணமும் அவனிடம்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்தில் ஓர் இளம் பெண் தொழிலாளியின் கொலைக்குப் பிறகு, தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் நிறுவனத்தோடும் பிராண்டுகளோடும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டது. லைனில் நடக்கும் வன்முறையை அதே லைனில் வேலை செய்யும் பெண்களே கண்காணிக்கவும் புகார் கொடுக்கவும் அதில் வழி செய்தார்கள். தமிழ்நாட்டில் முடியாது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். முடிந்திருக்கிறது. ஒரு மாவட்டத்தில் முடிந்தது பக்கத்து மாவட்டத்தில் ஏன் முடியாது?

முதலாளி பங்களாதேஷின் கூலியை உங்களிடம் காட்டினால், பங்களாதேஷின் அந்த ஷரத்தை நீங்கள் அவரிடம் காட்டுங்கள். திருப்பூரில் கூலி ஒப்பந்தம் போடுகிறோம். விழுக்காட்டுக்காகப் பல சுற்றுப் பேசுகிறோம். அடுத்த முறை கோரிக்கைப் பட்டியலில் விழுக்காட்டுக்குப் பக்கத்தில் இதையும் எழுத வேண்டும்: ஆபத்து என்று தெரிந்தால் சம்பளம் இழக்காமல் வேலையை மறுக்கும் உரிமை, பிள்ளைக் காப்பகம் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் பெண்கள் குழு, புது மெஷின் வந்தால் அதில் பெண்களுக்கு முதல் பயிற்சி. இவற்றைப் பேசப்போகும் மேசைக்கு ஓவர்லாக் ஓட்டும் பெண்ணையும், செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்ணையும், விடுதியில் தங்கியிருக்கும் வடமாநிலப் பெண்ணையும் அனுப்ப வேண்டும். அவர்களுக்காக நாங்கள் பேசுகிறோம் என்று ஆண் தோழர்கள் சொல்வது இனிமேல் போதாது.

கோரிக்கை எழுதும் குழுவுக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை என்று தலைவர் சொன்னார். பெயர் எழுதும் நோட்டு வாசலில் இருக்கிறது. தயவுசெய்து கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.